நக்கல் வாசகம் எழுதித் தெருவில் நிற்கப் போகிறீர்களா? நோட்டீஸ் முதல் போலீஸ் அனுமதி வரை

"எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?", "ராமன் ஆண்டாலென்ன, ராவணன் ஆண்டாலென்ன?" என்று டீக்கடை பெஞ்சில் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதே ஆத்திரத்தை நாலு வரி வாசகமாக்கி, பிட் நோட்டீஸ் அடித்து, அட்டையில் எழுதி, நாற்பது பேரோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால் அங்கே காகித வேலை தொடங்குகிறது. அச்சகம் கேட்கும் கையெழுத்து, போலீஸ் கேட்கும் விண்ணப்பம், பிறகு வரக்கூடிய வக்கீல் நோட்டீஸ் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே தெரிந்து இறங்கினால் ஒருவரும் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முதல்முறை இதைச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். கட்சிக்காரர்களுக்கு இது தேவைப்படாது, அவர்களிடம் ஆள் இருக்கிறது. தெருச் சங்கம், மாணவர்கள், குடியிருப்போர் நலச்சங்கம் போன்றவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் தகவல் வருவதற்கான காத்திருப்பு.

1. முதலில் ஆதாரம், பிறகுதான் வாசகம்

பலரும் வாசகத்தை எழுதிவிட்டு ஆதாரம் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். "எல்லாரும் திருடனுங்க" என்பது ஊரே சொல்வது, அதனால் யாருக்கும் உறைக்காது. உங்கள் தெருச் சாலைக்கு எவ்வளவு நீளத்துக்கு பில் போட்டார்கள் என்ற ஒரு எண் கையில் இருந்தால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

அந்த எண்ணை வாங்க வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நேரில் அல்லது தபாலில் கொடுத்தால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். தமிழக அரசின் ஆன்லைன் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சான்று வைத்தால் கட்டணமில்லை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் தோற்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

விண்ணப்பத்தில் மூன்று இடங்களில் தவறு நடக்கும்.

சங்கத்தின் லெட்டர்பேடில் அனுப்பாதீர்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு. தனி நபர் பெயரில், வீட்டு முகவரியோடு அனுப்புங்கள்.

"ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது, ஆவணம் கேட்பது ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். இன்ன தெரு, இன்ன நிதியாண்டு என்று குறித்து, இவற்றின் நகல்களைக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்.புக் எனப்படும் அளவீட்டுப் புத்தகத்தின் அந்த வேலைக்கான பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, பழுது வந்தால் அவரே சரிசெய்ய வேண்டிய காலம். இவற்றில் எம்.புக்தான் உயிர். நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் இருக்கும். டேப் எடுத்துத் தெருவை நீங்களே அளந்து ஒப்பிட்டுவிடலாம்.

எந்த அலுவலகம் என்று தெரியவில்லை என்றால் தேங்கி நிற்காதீர்கள். தவறான இடத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் வேண்டுமென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது.

2. வாசகம் கட்டுதல்

பழமொழியை எடுத்து அதன் மேல் உங்கள் ஊர் விஷயத்தை வைப்பதுதான் எளிதான வழி. ஒவ்வொரு ஆத்திரத்துக்கும் ஏற்கெனவே ஒரு பழமொழி காத்திருக்கிறது. நடக்காத தேர்தல் வாக்குறுதிக்கு "கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே". பெயருக்குக் கொடுத்த நிவாரணத்துக்கு "யானைப் பசிக்குச் சோளப்பொரி". அரசாணையில் மட்டும் இருக்கும் திட்டத்துக்கு "ஏட்டுச் சுரைக்காய்". கூட்டணி பேரத்துக்கு "மதில்மேல் பூனை". கண்காணிக்க வேண்டியவரே கை வைத்தால் "வேலியே பயிரை மேய்ந்தது". பழமொழி பாதி சொன்னாலே கேட்பவர் மீதியை முடித்துக்கொள்வார், அதனால் உங்களுக்கு இடம் மிச்சம்.

சொந்தமாகக் கட்டினால் எதுகை பாருங்கள். பாதியோடு நின்றுபோன ஒரு சாலைக்கு இப்படி ஒன்று வைத்துக்கொள்வோம்:

ஓட்டு கேட்டு வந்தீங்க வீதிவரை
ரோடு போட்டு நின்னீங்க பாதிவரை

வீதி, பாதி என்ற எதுகை வாயில் ஒட்டிக்கொள்கிறது. "வந்தீங்க, நின்னீங்க" என்று மரியாதை விகுதியோடு இருப்பதால் எதிரே நிற்பவர் கோபப்பட முகாந்திரமில்லை. கோஷமாகப் போடும்போது ஒருவர் முதல் வரியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் வரியை எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், "பாதிவரை" என்பதை எம்.புக்கும் டேப்பும் வைத்து நிரூபிக்கலாம். அவதூறு என்று யாராவது சொன்னால் உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்த ஒரு சொல்தான்.

பேச்சுத்தமிழில் எழுதுங்கள். செந்தமிழில் எழுதிய கேலி பட்டிமன்றத்துக்குச் சரி, பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் படிக்கும்போது ஒரு நொடி தாமதமாகப் புரியும்.

சில பழமொழிகளைத் தொடவே வேண்டாம். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா" போன்றவை சாதியைக் குத்துகின்றன. கண் தெரியாதவரையும் காது கேளாதவரையும் பெண்களையும் இழிவாகப் பேசும் பழமொழிகள் ஏராளம். கோபம் ஒரு அமைச்சர் மேல் இருக்க, அடி வேறு யார் மேலோ விழும். கூட்டத்தில் உங்களோடு நிற்பவருக்கே வலிக்கும். இதில் சமாதானம் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3. சட்டச் சல்லடை: ஒவ்வொரு வரியையும் இதில் போட்டு எடுங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 499, 500 என்று பழைய எண்களையே சொல்லி பயமுறுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அவதூறுக்கு 356. தண்டனை 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

அந்தப் பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. பொது ஊழியர் தன் பொறுப்பில் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் ஆகாது. பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றிய கருத்துக்கும் அதே பாதுகாப்பு. ஆகவே செயலைக் கேலி செய்யுங்கள். ஆளின் உடல், நிறம், குடும்பம், பிறப்பு எதையும் தொடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. "கேள்வியாகத்தானே கேட்டேன், கிண்டலாகத்தானே சொன்னேன்" என்பது தப்பிக்கும் வழி இல்லை. நக்கலாகச் சொன்ன குற்றச்சாட்டும் அவதூறு ஆகலாம் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. "மீதிப் பணம் யார் வீட்டு மாடியாச்சு?" என்று கேட்டால் திருடினார் என்று சொன்னதற்குச் சமம். "மீதி ரோடு எங்கே?" என்று கேட்டால் கணக்குக் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நோட்டீஸ் அடிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மற்ற வெட்டுப்பள்ளங்கள்:

சாதி, மதம், மொழி அடிப்படையில் பகை மூட்டும் வாசகம் பிரிவு 196-ல் வரும், 3 ஆண்டு வரை சிறை. பெண் அரசியல்வாதியின் ஒழுக்கத்தைத் தொட்டால் பிரிவு 79. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

படத்தில் ஆடையில்லாமல் யாரையும் வரையாதீர்கள். 2017 நவம்பரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றிய கேலிச்சித்திரத்துக்காகக் கைது நடந்தபோது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசப் பிரிவான 67-ம் சேர்க்கப்பட்டிருந்தது. அரசியல் விமர்சனத்தை அவர்கள் கையில் ஆபாச வழக்காக மாற்றிக் கொடுக்காதீர்கள். இணையத்தில் எழுதினால் அதே சட்டத்தின் பிரிவு 66ஏ பாயும் என்று யாராவது மிரட்டினால் கலங்க வேண்டாம், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது.

சட்டமன்ற உறுப்பினர்களை மொத்தமாகக் கேலி செய்யும்போது உரிமை மீறல் (அவையின் கௌரவத்தைக் குலைத்ததாகச் சொல்லி அவையே தண்டிப்பது) என்ற வேறொரு கதவு இருக்கிறது. 1987-ல் எம்.எல்.ஏ., மந்திரிகளைப் பற்றிய ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. சில நாளில் விடுதலையானார். பின்னாளில் உயர் நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இருந்தாலும் அந்த அதிகாரம் இன்னும் இருக்கிறது. அவைக்குள் நடந்ததைக் கேலி செய்யும் வாசகத்தை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நீதிபதிகளைப் பற்றிய வாசகமே வேண்டாம், நீதிமன்ற அவமதிப்பு தனிச் சட்டம்.

இன்னும் இரண்டு தவறுகளை வடிவமைப்பவர்கள் அறியாமல் செய்வார்கள். சிங்கத் தூண் முத்திரையை வைத்தால் அழகாக இருக்கும் என்று நோட்டீஸில் சேர்ப்பார்கள். அரசு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டு சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைக் கிண்டல் செய்ய, தலைவர் முகம் போட்ட போலி ரூபாய் நோட்டு அடிப்பார்கள். ரூபாய் நோட்டைப் போலத் தெரியும் எந்தத் தாளை அச்சடிப்பதும் பிரிவு 182-ன் கீழ் குற்றம். யோசனை நல்லதாகத் தோன்றும், அச்சகக்காரருக்கும் சேர்த்துத்தான் சிக்கல். தேசியக் கொடியின் மேல் எதுவும் எழுதக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

4. பிட் நோட்டீஸ்

ஏ5 அளவு போதும். மேலே வாசகம் பெரிதாக. அதன் கீழே மூன்று வரியில் தகவல்: வேலையின் பெயர், பில் தொகை, நீங்கள் அளந்த நீளம். தகவல் அறியும் சட்டப் பதிலின் கடித எண்ணும் தேதியும் கட்டாயம். பிறகு ஒரே ஒரு கோரிக்கை. ஐந்து கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. அடியில் வெளியிடுபவர் பெயர், முகவரி, அச்சகத்தின் பெயர். ஒப்பந்ததாரரின் வீட்டு முகவரி, கைபேசி எண் எதையும் அச்சடிக்காதீர்கள்.

வெளியிடுபவர் என்று அரசு ஊழியர் பெயரைப் போட வேண்டாம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 அவர்மேல் பாயும்.

டிடிபி கடையில் கவனம் தேவை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் எழுத்தை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொ, கோ, கௌ போன்ற கொம்பு வைத்த எழுத்துகள் இடம் மாறும், சில ஒற்றுகள் காணாமல் போகும். கைபேசியில் வரும் படத்தைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். தாளில் ஒரு புரூஃப் எடுத்து, வாசகத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தொகையில் ஒரு சுழி கூடினால் நோட்டீஸ் மொத்தமும் பொய் ஆகிவிடும்.

ஆஃப்செட் அச்சில் பிளேட் எனப்படும் அச்சுத் தகட்டின் செலவு ஒரே முறைதான். அதனால் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விலை இரட்டிப்பாகாது. இரண்டு கடையில் கேளுங்கள், கேட்கும்போது தாளின் கனம் (ஜிஎஸ்எம்), ஒரு பக்கமா இரு பக்கமா, வெட்டும் கூலி சேர்த்தா என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே நிறம் போதும். நூறு, இருநூறு போதுமென்றால் ஜெராக்ஸே மலிவு. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலைதான் அச்சகத்துக்கு முதல், உங்களுடையது தள்ளிப்போகும். ஒரு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டுவதை விட்டுவிடுங்கள். 1959-ஆம் ஆண்டின் பொது இடங்கள் அலங்கோலப்படுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அரசுச் சுவர், மின்கம்பம், பாலத் தூண் எதுவும் ஆகாது. சாலையோரம் பேனரும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனது. நியாயம் கேட்கும் நாம் அதே ஆபத்தைத் தெருவில் கட்டக்கூடாது. கையில் கொடுங்கள், கடைக்காரரிடம் கேட்டு மேசையில் வையுங்கள்.

5. தேர்தல் காலம் என்றால் விதி வேறு

தேர்தலைப் பற்றியோ, ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ அச்சடிக்கும் எந்தத் தாளும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-க்குள் வரும். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளின் முகப்பில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தன் அடையாளம் பற்றிய உறுதிமொழியில் கையெழுத்திட்டு, தன்னை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றொப்பத்துடன் இரண்டு பிரதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அச்சகம் அதில் ஒன்றை நோட்டீஸோடு சேர்த்து அனுப்பும். சென்னையில் அச்சடித்தால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு, மற்ற மாவட்டங்களில் ஆட்சியருக்கு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஜெராக்ஸ். "அச்சடிக்கவில்லையே, நகல்தானே எடுத்தோம்" என்று நினைப்பார்கள். கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர வேறு எந்த முறையில் பிரதி எடுத்தாலும் அச்சு என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. பிரிண்டரில் எடுத்த இருபது தாளும் அச்சுதான்.

வேட்பாளரின் சொந்த வாழ்க்கை பற்றிய பொய்யான செய்தி தனிக் குற்றம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டம் கூடாது. உங்கள் சாலைப் பிரச்சினை தேர்தலோடு ஒட்டியதில்லை என்றால், தேதி அறிவிப்பதற்கு முன்போ முடிவு வந்த பின்போ வைத்துக்கொள்வதே நல்லது. தேர்தல் நேரத்தில் எதைச் சொன்னாலும் எதிர்க்கட்சிக்காரன் என்று முத்திரை குத்திவிடுவார்கள், கோரிக்கை காணாமல் போகும்.

6. அட்டை

கடையில் கிடைக்கும் முழு சார்ட் அட்டை 22-க்கு 28 அங்குலம். முப்பது அடி தூரத்தில் இருந்து படிக்க எழுத்து குறைந்தது 3 அங்குல உயரம் வேண்டும். ஓரம் விட்டால் அகலத்தில் 24 அங்குலம் மிஞ்சும், ஆக ஒரு வரிக்கு எட்டு இடம். கணக்கிடும்போது எழுத்தை எண்ணாதீர்கள், வரையும் துண்டுகளை எண்ணுங்கள். "ரோ" என்பது கொம்பு, ர, கால் என்று மூன்று இடம் தின்னும். "ஓட்டு கேட்டு" ஒரு வரியில் சரியாக அடங்கும். "ரோடு போட்டு" அடங்காது, இரண்டு வரியாக உடைக்க வேண்டும். மேலே விசிறி, கீழே சுழி வருவதால் ஒரு வரிக்கு 5 அங்குலம் ஒதுக்குங்கள், நான்கு வரிக்கு மேல் போகாது.

ஆகவே மேலே சொன்ன இரண்டடி வாசகத்தை ஒரே அட்டையில் திணிக்க முடியாது. இரண்டு அட்டையில் எழுதி இருவரை அருகருகே நிறுத்துங்கள். புகைப்படத்தில் அதுவே நன்றாக விழும். கறுப்பு அல்லது கருநீலம் மட்டும். மஞ்சள், ஆரஞ்சு வெயிலில் தெரியாது. அட்டைக்குக் கம்பு வைக்காதீர்கள், கம்பு தடி என்று சொல்லிப் பறிமுதல் செய்ய வாய்ப்பு கொடுக்க வேண்டாம்.

7. போலீஸ் அனுமதி

சென்னையில் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், பிரிவு 41-ன் கீழ் 5 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை, எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே போன்ற வழக்கமான இடங்களைக் கேளுங்கள். மெரினா கிடைக்காது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம், பிரிவு 30(2)-ன் கீழ் ஆணை போட்டிருப்பார்கள். உள்ளூர் ஆய்வாளரிடமும் டி.எஸ்.பி. அலுவலகத்திலும் கொடுங்கள். எங்கே இருந்தாலும் பத்து நாள் முன்னதாகக் கொடுப்பது நல்லது, மறுத்தால் மேலே போக நேரம் வேண்டுமே.

விண்ணப்பத்தில்: பொறுப்பாளர்கள் இருவர் பெயர், முகவரி, எண், தேதி, தொடங்கும், முடியும் நேரம், இடம், எத்தனை பேர், மைக் உண்டா, கோரிக்கை என்ன. அடையாள அட்டை நகல் இணையுங்கள். எண்ணிக்கையை உயர்த்திச் சொல்லாதீர்கள். நாற்பது பேருக்கு நானூறு என்று எழுதினால் போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுப்பது சுலபம்.

இரண்டு பிரதி கொண்டு போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்றால் அன்றே ஸ்பீட் போஸ்டில் இன்னொரு பிரதி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலை வரை பதில் சொல்லாமல் இழுப்பதுதான் பெரிய தொல்லை. மூன்றாவது நாளே நேரில் போய் எழுத்தில் பதில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் வாங்கி, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. முத்திரை வாங்கிய பிரதி இல்லாமல் வழக்கறிஞரால் ஒன்றும் செய்ய முடியாது.

நிபந்தனைக் கடிதத்தைக் கூட்டத்தில் அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான வழக்குகள் வாசகத்துக்காக வருவதில்லை, குறித்த நேரத்தைத் தாண்டியதற்கும் சாலையை மறித்ததற்கும்தான் வருகின்றன. நோட்டீஸில் இல்லாத கோஷத்தை யாராவது உணர்ச்சிவசப்பட்டு எழுப்பினால் உடனே மைக்கில் நிறுத்துங்கள், பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். முழு நிகழ்ச்சியையும் ஒருவர் வெட்டில்லாமல் வீடியோ எடுக்கட்டும்.

8. முடிந்த பிறகு

கோரிக்கை மனுவை அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராமம் என்றால் கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்து போகாதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் தொலைபேசியில் பேசாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள், இணையத்தில் பதிலும் போடாதீர்கள். நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் ஆவணங்களோடு பதில் அனுப்புங்கள். அமைச்சர் போன்றவர்களின் அரசுப் பணி பற்றிய அவதூறுக்கு அரசு வழக்கறிஞர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கெடு 6 மாதம். சிவில் நஷ்டஈட்டு வழக்குக்கு 1 ஆண்டு. தனிநபர் கிரிமினல் புகாருக்கு 3 ஆண்டு.

எனவே தகவல் அறியும் சட்டப் பதிலின் அசல், தெருவை அளந்த குறிப்பு, நோட்டீஸ் பிரதி ஐந்து, அச்சக பில், முத்திரை வாங்கிய விண்ணப்பம், நிபந்தனைக் கடிதம், வீடியோ ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு 3 ஆண்டு முடியும்வரை வைத்திருங்கள். கோப்பின் ஸ்கேன் ஒன்று இரண்டாவது பொறுப்பாளரிடமும் இருக்கட்டும்.